நாற்பத்தெட்டு என்று எழுதிய சீட்டு

மே 4, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கோர்ட். நானும் எஸ்தரும் ஒரு பக்கம், பல் டாக்டர் தம்பதி எதிர்ப்பக்கம். 6-2, 6-3. என் சர்வ் நன்றாக விழுந்தது. எஸ்தர் வலையருகே இரண்டு சுலபமான பந்துகளை விட்டாள். கேட்டதற்கு வெயில் கண்ணில் அடித்தது என்றாள். காலை ஏழு மணிக்கு, மேற்கே பார்த்து நிற்கிறவளுக்கு என்ன வெயில்?

வீட்டுக்கு வந்து துணி காயப்போட்டு, சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டு, எங்கள் இருவர் ராக்கெட்டுக்கும் புது நரம்பு கட்டினேன். பதினாலு வருடமாக எஸ்தரின் ராக்கெட்டை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை என் மெஷினுக்கு. அதன் தண்டில் ஓர் இரும்பு எடை உண்டு. அதை எங்கே நகர்த்தி வைக்கிறோமோ அத்தனை பவுண்டுக்கு நரம்பு இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் நாங்கள் டென்ஷன் என்போம். எங்களுக்கு எப்போதும் ஐம்பத்தெட்டு, பாலியெஸ்டர் நரம்பு. முடித்ததும் எத்தனை பவுண்டு என்று சின்னச் சீட்டில் எழுதிப் பிடிக்கு மேலே ஒட்டுவேன். கிளப்பில் என் சீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஜூலையில் மதுரையில் மாநில அளவில் மூத்தோர் போட்டி. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இரட்டையர். மூன்று வருடமாக அரையிறுதியில் தோற்கிறோம். எனக்கு நாற்பத்துநாலு ஆகிறது. இந்த முறை விட்டால் பிறகு பேரனுக்குப் பந்து பொறுக்கிப் போடத்தான் லாயக்கு.

மே 7, புதன்

கிளப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். மிருதுளா. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவள், முப்பத்தாறு வயது, நல்ல உயரம். அவள் ராக்கெட்டைப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. அடிக்கும் பரப்பு நூற்றிரண்டு சதுர அங்குலம், எடையோ இருநூற்று எண்பத்தைந்து கிராம்தான். அதில் ஓரத்தில் பட்ட பந்துகூட வலையைத் தாண்டிவிடும். எங்களுடையது தொண்ணூற்றைந்து அங்குலம், முந்நூற்று இருபது கிராம். நடுவில் அடிக்கத் தெரிந்தால்தான் பந்து போகும். தெரியாதவர்களுக்காகத்தான் அந்தத் தோசைக்கல்லைக் கண்டுபிடித்தார்கள்.

எஸ்தர் அதை வாங்கி நாலு அடி அடித்துப் பார்த்தாள்.

"பூ மாதிரி இருக்குடி சுகந்தி. கைக்கே தெரியல."

"கைக்குத் தெரியாம எப்படி ஆடறது?" என்றேன்.

மிருதுளா சிரித்தாள். எஸ்தரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 11, ஞாயிறு

எஸ்தர் இன்று மிருதுளாவோடு ஒரு மணி நேரம் ஆடினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை மூன்று தடவை கட்டினேன். பொறாமையாகத்தான் இருக்கிறது. எழுதுவதற்கு என்ன வெட்கம், யார் படிக்கப் போகிறார்கள்.

மே 15, வியாழன்

ராக்கெட்டுக்கு நரம்பு போடுவதைப் பேச்சில் எல்லோரும் கட்டிங் என்றுதான் சொல்வோம். இன்று லிஃப்டில் எஸ்தருக்குப் போன் செய்து, "சாயந்திரம் வர்றியா, உனக்குக் கட்டிங் போட்டுர்றேன். எனக்கும் போட்டாச்சு" என்றேன். பக்கத்தில் நின்ற நாலாவது மாடிக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து குவார்ட்டரைப் பங்கு போடுகிறோம் என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

ஆனால் எஸ்தர் வரவில்லை. "நரம்பு இன்னும் நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள். பாலியெஸ்டர் நரம்பு பத்துப் பதினைந்து மணி நேர ஆட்டத்தில் செத்துவிடும். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக வேண்டாம் என்கிறாள்.

மே 20, செவ்வாய்

எஸ்தர் வலது முழங்கைக்குக் கீழே கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மிருதுளாவும் மணிக்கட்டில் ஒன்று போடுகிறாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாதிரி ஒரே நிறத்தில் ரிப்பன் கட்டிக்கொள்ளும் வயதா இது?

ஆட்டம் முடிந்து அவள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள், இடது கையால். பாதி கீழே போனது. "என்ன புதுப் பழக்கம்" என்றேன். "சும்மா" என்றாள். மிருதுளா உடனே எழுந்து ஃபிளாஸ்கை வாங்கி எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நான் காபி குடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் குடித்தேன்.

மே 26, திங்கள்

மகளுக்குச் சுடிதார் துணி எடுக்க கிராஸ்கட் ரோட்டுக்குப் போனேன். எதிர் வரிசையில் விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து எஸ்தரும் மிருதுளாவும் வெளியே வந்தார்கள். மிருதுளா தோளில் நீளப் பை. எஸ்தர் அவள் காதருகே ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள். மிருதுளாதான் ஓட்டினாள்.

காலையில் எஸ்தர் என்னிடம் சொன்னது, சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று.

துணி எடுக்கவில்லை. மகள் கேட்டாள். கடை அடைத்திருந்தது என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

நேரடியாகவே கேட்டுவிட்டேன். கோர்ட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில்.

"மதுரைக்கு யாரோட ஆடப்போற?"

"உன்கூடத்தான். வேற யாரு கூட?"

"வேற யாராச்சும் இருந்தாச் சொல்லிரு. இருபத்தெட்டாந்தேதிக்குள்ள பேர் குடுக்கணும்."

"நீ எதுக்கு இப்பிடி டென்ஷன் ஆகற?" என்றாள், முழங்கையைத் தடவிக்கொண்டே. என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரம் மிருதுளா வந்து, "எஸ்தர்க்கா, போலாமா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

என் கணக்கு இப்போது தெளிவாக இருக்கிறது. கடைசி நாள்வரை என்னைக் கூட வைத்துக்கொண்டு, அப்புறம் எட்டு வயது குறைந்தவளோடு பெயர் கொடுக்கப் போகிறாள். எஸ்தர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், செய்ய மாட்டேன் என்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மிருதுளா வீட்டுக்கே வந்தாள். கையில் புத்தம் புது ராக்கெட், அதே தோசைக்கல், அதே நிறம்.

"அக்கா, இதுக்குக் கட்டிங் போட்டுக் குடுங்கக்கா. மல்டி நரம்பு, நானே வாங்கிட்டு வந்திருக்கேன். நாப்பத்தெட்டு பவுண்டு. கொஞ்சம் கரெக்டா வேணும்."

"நான் கட்டினது எப்ப கரெக்டா இல்லாம இருந்துச்சு?"

"அதுக்கில்லக்கா. உங்க கையாலதான் கட்டணும்னு..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

மல்டி என்றால் மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்த மிருதுவான நரம்பு. நாற்பத்தெட்டு பவுண்டில் கட்டினால் பந்து மெத்தையில் விழுந்து எழுந்த மாதிரி போகும். கைக்குச் சுகம். மகாராணிக்கு இரண்டாவது ராக்கெட், அதுவும் மெத்தையோடு. எஸ்தரையும் வளைத்தாயிற்று, மதுரைக்கும் தயாராகிறாள், நான் அதற்கு வேலைக்காரி.

ராக்கெட்டை மெஷினில் பூட்டினேன். பிடி ரொம்பச் சிறியது. இவளுக்கு நீளமான விரல்கள், இதை எப்படிப் பிடிப்பாளோ. எனக்கென்ன.

எடையை நாற்பத்தெட்டில் வைத்து முதல் நெடுக்கு நரம்பை இழுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, தோன்றியது என்ன, தெரிந்தேதான் செய்தேன், எடையைத் தண்டின் கோடிப் பக்கம் தள்ளினேன். ஃபிரேமில் ஐம்பது முதல் அறுபது வரை என்று அச்சிட்டிருந்தது. அறுபதில் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போகவில்லை. முதல் நரம்பையும் அவிழ்த்து அறுபதுக்கு இழுத்தேன். நெடுக்கில் பதினாறு, குறுக்கில் பத்தொன்பது. ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நிமிடம் வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம்.

இலேசான ராக்கெட் அடியைத் தான் வாங்கிக்கொள்ளாது, கைக்குத் தள்ளிவிடும். அதில் நரம்பும் இறுகினால் பலகையால் அடிப்பது போல்தான். பந்தும் ஆழமாகப் போகாது, வலையில் விழும். நாலு நாள் வலையில் அடிக்கட்டும். எஸ்தர் பார்க்கட்டும், யாரோடு ஆடலாம் யாரோடு ஆடக்கூடாது என்று.

சீட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதி ஒட்டினேன். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

ஜூன் 9, திங்கள்

வந்து வாங்கிக்கொண்டு போனாள். நரம்பை விரலால் தட்டிப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், "தேங்க்ஸ்க்கா" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மிருதுளா பழைய ராக்கெட்டோடுதான் ஆடுகிறாள். பந்து ஒன்றுகூட வலையில் விழவில்லை. புதியதை மதுரைக்கு எடுத்து வைத்திருக்கிறாள் போல. நான் அவள் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்து என் சர்வைக் கோட்டை விட்டேன்.

எஸ்தர் மூன்று நாளாக வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம்.

ஜூன் 17, செவ்வாய்

கோவைக்கே உரிய காற்று ஆரம்பித்துவிட்டது. தூக்கிப் போட்ட பந்து தலைக்கு மேலே நிற்க மாட்டேன் என்கிறது.

எஸ்தர் வீட்டுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஜம்மென்று இருக்கிறார். "எஸ்தரா? டென்னிஸுக்குப் போயிருக்காம்மா. அந்தப் பெங்களூர்ப் பொண்ணோட அப்பார்ட்மென்ட்லயே கோர்ட் இருக்குதாமே, தெனமும் அங்கதான்" என்றார்.

சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் குறைந்தபோதுகூட நான் அழவில்லை. நாற்பத்துநாலு வயதில், ஸ்கூட்டரில், ஹெல்மெட்டுக்குள் அழுகிறேன். அறுபது என்ன, எழுபது கட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் மிருதுளா போன் செய்தாள். "அக்கா, எஸ்தர்க்காவுக்குக் கை ரொம்ப மோசம். இப்பத்தான் டாக்டர்கிட்டக் காமிச்சுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். நீங்க கொஞ்சம் வாங்க."

போனேன். எஸ்தர் கட்டிலில், வலது கை கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்குகிறது. முழங்கைத் தசைநாரில் கிழிசல். மூன்று மாதம் ராக்கெட்டைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மதுரை முடிந்தது.

அலமாரிமேல் அந்தத் தோசைக்கல் இருந்தது. பிடிக்கு மேலே என் சீட்டு.

"இது மிருதுளாவோடதுதான?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. எஸ்தருடைய கை சிறியது.

"என்னோடதுடி. திட்டாத. மார்ச்லருந்தே முழங்கை வலி. பால் பாக்கெட்டக்கூடத் தூக்க முடியல. கனமான ராக்கெட்டு, பாலியெஸ்டரு, அம்பத்தெட்டு பவுண்டு, இதெல்லாம் இந்தக் கைக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? அந்த ராக்கெட்டு நீ தேடிக் குடுத்தது. நரம்பு நீ கட்டறது. உன் கைக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் வலிக்குதுன்னா நீ மனசு விட்டுப் போயிருவ. இதுல கொஞ்சம் பழகி, மதுரைக்கு முன்னாடி உங்கிட்டக் காமிக்கலாம்னு இருந்தேன்."

மிருதுளா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு மொதல் நாளே டவுட்டு. நாப்பத்தெட்டு இவ்வளவு கல்லா இருக்காதேன்னு சொன்னேன்" என்றாள்.

"நான்தான் அவ வாய மூடினேன்" என்றாள் எஸ்தர். "சீட்டுல நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு, சுகந்தி கட்டினா அரைப் பவுண்டு மாறாது. கல்லா இருக்குன்னா என் கைதான் வீக்காப் போச்சு, ஆட ஆடச் சரியாயிரும்னு சொன்னேன். பன்னெண்டு நாளு பல்லக் கடிச்சுட்டு ஆடினேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

சமைத்தேன். இஸ்திரிக்குத் துணி கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, இட்லியும் கொத்துமல்லிச் சட்னியும் எடுத்துக்கொண்டு போனேன். மிருதுளா இல்லை. இட்லியைப் பிட்டு எஸ்தர் தட்டில் வைத்தேன்.

"எஸ்தர், டென்ஷன ஏத்தினது நான்தான்."

"அட விடுடி."

"இல்ல, கேளு. நான் வேணும்னேதான் ஏத்தினேன்."

"நானும் உன்ன டென்ஷன் பண்ணீட்டுத்தான இருந்தேன்? சர்ச்சுன்னு பொய் சொன்னது, மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னது, எல்லாம் எம்மேல தப்பு. உம்பட கோவம் எனக்குத் தெரியாதா? பதினாலு வருசமாப் பாக்கறேன்." இடது கையால் என் கையைப் பிடித்தாள். "மனசுல வச்சுக்காத."

அவள் வேறு டென்ஷனைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பவுண்டு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். நான் சேர்க்கவில்லை. சொன்ன மாதிரியும் ஆயிற்று, மன்னித்த மாதிரியும் ஆயிற்று. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது மனம் இலேசாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

கிளப்பில் மிருதுளா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மதுரைக்கு நாம ரெண்டு பேரும் ஆடலாமா? எஸ்தர்க்காதான் கேக்கச் சொன்னாங்க. சுகந்திக்கு இந்த வருசம் போகக்கூடாது, நீ கூட நில்லுன்னாங்க."

இவள் நன்றாக ஆடுவாள். இரண்டு மாதமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே, எனக்குத் தெரியாதா. இவளோடு போனால் இறுதி வரை போகலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அந்த ஆசை எனக்கு வந்தது, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"என் ராக்கெட்டையும் நீங்கதான்க்கா கட்டித் தரணும்" என்றாள்.

ஜூன் 28, சனி

பெயர் கொடுக்கக் கடைசி நாள். பத்து மணிக்கு எஸ்தர் வீட்டுக்குப் போனேன். வாசல் கிரில் கேட் திறந்தே கிடந்தது, உள்ளே வரச் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்று சொன்னேன். இந்த முறை டென்ஷன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

"உன் புது ராக்கெட்டுல நான் கட்டினது அறுபது பவுண்டு. அறுபது கட்டிட்டு, சீட்டுல நாப்பத்தெட்டுன்னு எழுதினேன். கை தவறி இல்ல. வேணும்னே."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் எடுத்தது. பிறகு தொட்டிலில் கிடந்த கையைப் பார்த்தாள். உள்ளே குக்கர் விசில் வந்தது, அவள் திரும்பவில்லை.

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதுடி. மிருதுளாவோடதுன்னு நெனச்சேன். சத்தியமா. உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா?"

இதைச் சொன்னால் அவள் மனம் இளகும் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"மிருதுளா கைன்னாப் பரவால்லயா?" என்றாள் எஸ்தர்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்த வந்தாள். அது இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டிய இரும்புக் கேட். இடது கையால் இழுத்துப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தாள். நான் வெளியே இறங்கி, என் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, அவள் பக்கமாகத் தள்ளிச் சாத்தினேன்.